சாமிக்கு ஆகும், நோயாளிக்கு ஆகாதா?

கஞ்சா என்கின்ற வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் நம் நாட்டில் ஒரு கூட்டத்தார் காதைப் பொத்திக் கொள்ளுகின்றார்கள். மற்றொரு கூட்டத்தார் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்றார்கள். முன்னவர்களுக்கு அது போலீசும் ஜெயிலும் குடிகேடும் ஆகும். பின்னவர்களுக்கோ அது சிவமூலிகை. சாமியார் கையில் இருந்தால் ஞானம், சாமானியன் கையில் இருந்தால் குற்றம். இந்த இரண்டு கூட்டத்தாரும் போடுகின்ற கூச்சலுக்கு இடையில் மூன்றாவது கூட்டம் ஒன்று நாட்டில் இருக்கின்றது. அது கூட்டமாகக் கூடவும் முடியாத கூட்டம். ஏனென்றால், அதில் உள்ளவர்கள் எழுந்து நடக்க முடியாதவர்கள். முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ விளங்காமற் போய், வீட்டு மூலையில் கிடக்கின்ற மக்களைத்தான் சொல்லுகின்றோம். இவர்களுடைய வலிக்கும் விறைப்புக்கும் கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்து உதவுமா, உதவாதா என்கின்ற கேள்வி இன்று உலகத்து வைத்தியர்கள் முன் இருக்கின்றது. இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லுவது அவசியம் என்று கருதியே இதை எழுதுகின்றோம்.

இவர்கள் யார்?

இவர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கின்றவர்களே ஆவார்கள். பனை ஏறித் தவறி விழுந்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்த சித்தாள், கிணறு வெட்டும்போது உள்ளே விழுந்தவர், தலைச்சுமையோடு சறுக்கியவர், ரோட்டில் லாரி மோதியவர் - இப்படிப்பட்டவர்களே அதிகம். இவர்கள் ஒரே நாளில் சம்பாதிக்கும் ஆளாக இருந்து, மறுநாளே மற்றவர் கை பார்க்கும் ஆளாக ஆகிவிடுகின்றார்கள்.

பார்க்கின்றவர்கள், "பாவம், கால்தான் மரத்துப் போய்விட்டதே, இனி வலி ஏது?" என்று நினைக்கின்றார்கள். இது சுத்தத் தப்பான எண்ணமாகும். கிள்ளினால் தெரியாத அதே காலில் நெருப்பு வைத்தாற்போல் எரிச்சலும், மின்சாரம் பாய்ந்தாற்போல் சுளீர் என்ற குத்தலும் இராப் பகலாக இருக்கும். அடிபட்ட நரம்பே பொய்யான செய்தியை மூளைக்கு அனுப்பிக் கொண்டிருப்பதால் வரும் வலி இது. காலில் தடவும் தைலம் இதைத் தொடாது. சாதாரண வலி மாத்திரைக்கும் இது மசியாது.

அதற்குமேல் விறைப்பு வேறு. சாதாரணமாக மூளையானது மேலிருந்து தண்டுவடத்தை அடக்கி வைத்திருக்கின்றது. நடுவில் தொடர்பு அறுந்துவிட்டால், கீழே இருக்கும் நரம்புகள் மேஸ்திரி இல்லாத வேலைத்தலம் போல் ஆகிவிடுகின்றன. துணி பட்டாலும், மூத்திரப்பை நிறைந்தாலும், படுக்கையில் திருப்பினாலும் கால்கள் தாமே விறைத்துக் கொள்ளும். வெட்டி வெட்டி இழுக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவரைக் கீழே தள்ளிவிடும். தூங்க விடாது. நாளாவட்டத்தில் மூட்டு மடங்கிப் போகும். உரசி உரசிப் படுக்கைப் புண் உண்டாகும். அந்தப் புண் சீழ் பிடித்து ஆளையே கொண்டு போவதும் உண்டு. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொள்ளும் மனைவிக்கும் தாய்க்கும் உள்ள உழைப்பையும் துக்கத்தையும் எழுத்தில் எழுதி முடியாது.

இவ்வளவையும் கண்ட பின்பும் நம் ஜனங்கள் சொல்லும் சமாதானம் என்ன? "போன ஜென்மத்து வினை", "தலையெழுத்து" என்பதுதானே! மரம் வழுக்கியதற்கும் சாரக்கயிறு அறுந்ததற்கும் காரணம் கண்ணெதிரே இருக்க, காணாத ஜென்மத்தில் காரணம் தேடுவானேன்? வினை என்று சொல்லிவிட்டால், நல்ல கயிறு கட்டாத முதலாளிக்கும் பொறுப்பில்லை; வைத்தியம் செய்யாத சர்க்காருக்கும் பொறுப்பில்லை. இதுதான் அந்த வார்த்தையினால் உள்ள லாபம்.

வேலூரில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1954-ம் வருஷம் மோட்டார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் விளங்காமற் போன பிறகு, அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்றே மறுவாழ்வு நிலையம் ஏற்பட அவரே காரணமாக இருந்தார். வினை என்று மூலையில் கிடந்திருந்தால் இது நடந்திருக்குமா? வைத்தியமும் கருவியும் பயிற்சியும் கொடுத்தால் இவர்கள் நம்மைப் போலவே வாழக்கூடியவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பழைய செய்தி ஒன்று

நிற்க, இந்த விறைப்புக்கு இன்று பேக்ளோபென், டிசானிடின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. நரம்பு வலிக்குக் காபாபென்டின், பிரிகாபலின் முதலியவை இருக்கின்றன. இவை அநேகருக்கு உதவுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் போதுமான அளவுக்கு உதவுவதில்லை. சிலருக்கு நாள் முழுதும் தூக்கமும் அசதியுமாக ஆக்கிவிடுகின்றன. ஆகையால்தான் வைத்தியர்கள் வேறு மருந்து தேடுகின்றார்கள். அந்தத் தேடலில்தான் கஞ்சாவும் வந்து நிற்கின்றது.

இது மேல்நாட்டார் இன்று புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த ஓஷாகனெஸ்ஸி என்னும் ஐரிஷ் டாக்டர் 1839-ம் வருஷத்திலேயே கஞ்சாவை ஆராய்ந்து எழுதியிருக்கின்றார். அவர் செய்த வேலையின் முறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சாஸ்திரத்தில் இருக்கின்றது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்ட வஸ்து என்று தள்ளிவிடவும் இல்லை. முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு நோயாளிகளுக்கு அளவறிந்து கொடுத்தார். டெட்டனஸ் என்னும் கொடிய இழுப்பு நோயில் தசையின் இசிவு தணிவதைக் கண்டார். வெறிநாய்க்கடி கண்டவர் பிழைக்கவில்லை என்பதையும், ஆனால் அவர் பட்ட அவஸ்தை குறைந்தது என்பதையும், இரண்டையும் ஒளிக்காமல் எழுதினார். அவர் எழுதியதைப் படித்த பிறகே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கஞ்சாச் சத்து மருந்துக் கடைகளில் பெருவாரியாக இடம் பெற்றது. அமெரிக்க மருந்து நூலில் அது 1942 வரையில் இருந்தது.

சட்டத்தின் விசித்திரம்

1893-ல் அன்றைய பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. அது தேசமெங்கும் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-ல் அறிக்கை வெளியிட்டது. மிதமான உபயோகத்தால் பெரிய தீங்கு இல்லை, மிதமிஞ்சினால் தீங்கு உண்டு, அடியோடு தடுப்பதைவிட வரி போட்டுக் கட்டுப்படுத்துவதே சரி என்று அது சொல்லிற்று. வரிப்பணத்தில் அந்த சர்க்காருக்கு இருந்த ஆசையும் நமக்குத் தெரியாததல்ல. எப்படியிருந்தாலும், விசாரித்த பிறகு முடிவு சொன்னார்கள் என்பதையாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு 1961-ல் உலக நாடுகள் செய்து கொண்ட போதைப் பொருள் உடன்படிக்கை, கஞ்சாவை மிகவும் அபாயகரமான சரக்குகளின் பட்டியலில் சேர்த்தது. அதை அனுசரித்து 1985-ல் இந்திய சர்க்கார் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. இந்தச் சட்டத்தின் விசித்திரத்தை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டுகின்றோம். செடியின் பூவும் பிசினும் சட்டப்படி குற்றம். ஆனால் பூ சேராத இலை குற்றமல்ல. ஏன்? இலையை அரைத்துத்தான் வடநாட்டில் பாங்கு என்று குடிக்கின்றார்கள். சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் அது வேண்டும். காசி முதலிய இடங்களில் சர்க்கார் அனுமதி பெற்ற பாங்குக் கடைகளே இருக்கின்றன. அதே செடியின் பூவை ஒரு கிலோவுக்கு உட்பட வைத்திருந்தாலும் ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

நாம் கேட்கின்றோம்: திருவிழாவுக்கு வேண்டுமென்று சட்டத்தில் சந்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு, வலியால் துடிக்கின்றவனுக்கு ஒரு கதவு திறக்க மனம் வராதது ஏன்? சாமி பேரால் குடிக்கின்றவனை வழக்கம் என்று விட்டுவிடுவதும், நோய்க்கு மருந்தாகுமா என்று கேட்கின்றவனைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இத்தனைக்கும் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே சட்டத்தின் 8-வது பிரிவு வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு அளிக்கின்றது. 10-வது பிரிவு கஞ்சாச் செடி பயிரிடுவதையும் கஞ்சாவை உண்டாக்குவதையும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாகாண சர்க்கார்களுக்கே கொடுத்திருக்கின்றது. 2020 டிசம்பர் 2-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபையின் போதைப் பொருள் கமிஷனில், கஞ்சாவை அந்த மிக அபாயகரமான பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஓட்டு எடுத்தார்கள். சாதகம் 27, பாதகம் 25. சாதகமாக ஓட்டுப் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று! உலக சபையில் கை தூக்கிய சர்க்கார், சொந்த நாட்டு நோயாளிக்காக ஒரு விரலையாவது தூக்க வேண்டாமா?

ஆராய்ச்சி என்ன சொல்லுகின்றது?

இனி, மருந்தின் யோக்கியதையைப் பார்ப்போம். கஞ்சாவின் போதைச் சத்து இன்னது என்று 1964-ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். அது போய் ஒட்டிக்கொள்ள நம் மூளையிலும் தண்டுவடத்திலும் இடம் இருக்கின்றது என்பது 1988-க்குப் பிறகு தெரிய வந்தது. நரம்பும் நரம்பும் பேசிக் கொள்ளும் இடத்தில், அளவு மீறிய பேச்சை அடக்குவதே அந்த இடத்தின் வேலை. 1992-ல், நம் உடலே தானாகச் சுரக்கும் அதுபோன்ற ஒரு சத்தையும் கண்டுபிடித்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பேர் வைத்தார்கள். ஆனந்தம் என்கின்ற சமஸ்கிருத வார்த்தையே அதில் இருக்கின்றது. அந்த ஆனந்தத்தை எந்த மடத்திலும் தவத்திலும் கண்டெடுக்கவில்லை. பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்!

ஆகவே வலிக்கும் விறைப்புக்கும் இது உதவக்கூடும் என்று நினைக்க அறிவுக்குப் பொருத்தமான காரணம் இருக்கின்றது. ஆனால் உதவக்கூடும் என்பது வேறு. உதவுகின்றது என்பது வேறு. அதைப் பரீட்சைதான் சொல்ல வேண்டும். பரீட்சை என்றால், ஒரே மாதிரியான இரண்டு மருந்து செய்து, ஒன்றில் சத்து வைத்து மற்றொன்றில் வைக்காமல், எது எது என்று நோயாளிக்கும் தெரியாமல் கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்ப்பது. இதில் பக்திக்கும் இடமில்லை, பயத்துக்கும் இடமில்லை.

அப்படிப் பார்த்ததில் கிடைத்தது என்ன? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வேறொரு நரம்பு நோயில் வரும் விறைப்புக்கு, 'சாட்டிவெக்ஸ்' என்னும் வாயில் பீச்சும் மருந்தை பிரிட்டன் 2010-ல் ஒப்புக்கொண்டது. ஒரு பீச்சுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவிட்ட மருந்து அது. மற்ற மருந்துகள் பயன்படாதபோது நாலு வாரம் கொடுத்துப் பார். விறைப்பு நூற்றுக்கு இருபது பங்காவது குறைந்தால் தொடர்ந்து கொடு, இல்லையென்றால் நிறுத்து என்று அந்த நாட்டு மருத்துவ வழிகாட்டி நிலையம் 2019-ல் சொல்லிற்று. அதே நிலையம், நாட்பட்ட வலிக்கு இப்படிப்பட்ட மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கின்றது.

தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றியோ பரீட்சைகள் மிகச் சிறியவை. கனடாவில் 2010-ல் வெளியான ஒன்றில், நாபிலோன் என்னும் செயற்கைச் சத்து பத்துப் பன்னிரண்டு பேருக்கு விறைப்பைக் குறைத்ததாகக் கண்டார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் வெளியான மற்றொன்றில், ஏழே பேரைக் கொண்டு பார்த்ததில், டிரோனாபினால் என்னும் சத்து வலிக்குச் சாதாரண ஒவ்வாமை மாத்திரையைவிட மேலாக உதவவில்லை. 2016-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், 42 பேருக்குச் சூடேற்றிய கஞ்சா ஆவியைக் கொடுத்ததில் வலி குறைந்தது. ஆனால் அது சில மணி நேரத்துக்குப் பார்த்த பார்வையே தவிர, மாதக்கணக்கில் பார்த்ததல்ல. ஆகவே நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விறைப்புக்கு நம்பிக்கை தரும் அறிகுறி உண்டு, வலி விஷயத்தில் முடிவு இரண்டு பக்கமும் இருக்கின்றது, பெரிய பரீட்சை வேண்டும்.

மருந்து பேரால் மோசடி

பரீட்சை இல்லாத இடத்தில் வியாபாரி புகுந்துவிடுகின்றான். ஆயுர்வேத லைசென்சு எடுத்துக் கொண்டு, 'விஜயா' என்று சமஸ்கிருதப் பேர் வைத்து, கஞ்சா இலைச் சத்து கலந்த எண்ணெய்களை இன்று பல கம்பெனிகள் விற்கின்றன. வலி, தூக்கமின்மை, கவலை எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தாம்! ரிஷிகள் சொன்னார்களாம், ஆகையால் பரீட்சை வேண்டாமாம்! போலீசு பேரைச் சொல்லி மருந்தை மறுப்பது எவ்வளவு மூடத்தனமோ, ரிஷி பேரைச் சொல்லி மருந்தை விற்பதும் அவ்வளவு மூடத்தனமே ஆகும். ஆயிரம் வருஷம் பழக்கத்தில் இருந்தது என்பது ஒரு வஸ்துவைப் பரீட்சிக்கக் காரணமாகலாமே ஒழிய, பரீட்சையில்லாமல் நம்பக் காரணமாகாது.

இதை எழுதியதால், நோயாளிகள் கஞ்சா வாங்கிப் புகைக்கலாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மூச்சு விடும் தசையே பலவீனமாக இருக்கும். அவர்கள் புகையை இழுப்பது தமக்குத் தாமே கேடு தேடுவதாகும். தண்டுவட நோயாளிகளுக்கு எழுந்து உட்கார்ந்தாலே இரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. கஞ்சா அதை இன்னும் இறக்கக்கூடும். பேக்ளோபென்னோடும் டிசானிடினோடும் சேர்ந்தால் மயக்கமும் அசதியும் அதிகமாகும். சிலருக்குச் சித்தப் பிரமையையும் உண்டாக்கும். வாலிபர்களுக்கு அந்த அபாயம் அதிகம். தெருவில் விற்கும் பொட்டலத்தில் எவ்வளவு சத்து, என்ன கலப்படம் என்று விற்பவனுக்கே தெரியாது. ஆகையால் அது மருந்தாகாது. அளவு தெரிந்து, டாக்டர் கண்காணித்துக் கொடுப்பதுதான் மருந்து.

மார்பின் கற்பித்த பாடம்

பயத்தினால் செய்யும் சட்டம் யாரைத் தண்டிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கின்றது. வைத்தியத்துக்காக அபினைச் சட்டப்படி பயிரிடும் நாடு இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் லைசென்சோடு அது விளைகின்றது. அப்படியிருந்தும் 1985-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு, புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின் நம் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று. லைசென்சுக்கு மேல் லைசென்சு, தவறினால் ஜெயில் என்றால் எந்த டாக்டர் துணிந்து வைத்திருப்பார்? நம் நாட்டு அபின் வெளிநாட்டு நோயாளியின் வலியைத் தணிக்க, நம் நாட்டு நோயாளி கத்திக் கத்திச் செத்தான். வலி தணிப்பு வைத்தியர்கள் வருஷக்கணக்காகப் போராடிய பிறகுதான், 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அவசியமான மருந்துகளென்று தனி வகை வைத்து லைசென்சைச் சுலபமாக்கினார்கள். கள்ளச்சந்தைக்காரன் அந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது பட்டினி கிடந்தானா? இல்லை. பட்டினி கிடந்தவன் நோயாளிதான்.

கஞ்சா விஷயத்திலும் அந்தப் பிழை நடக்க வேண்டாம் என்பதே நாம் சொல்லுவது.

என்ன செய்ய வேண்டும்?

ஜம்முவிலுள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நரம்பு வலி, புற்றுநோய், காக்காய் வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து தேடிக் கஞ்சா பயிரிட்டு ஆராய்வதாக 2023-ல் சர்க்காரே அறிவித்திருக்கின்றது. இதை வரவேற்கின்றோம். ஆனால் செடியை ஆராய்ந்தால் மட்டும் போதாது. மனிதனுடைய நோயில் பரீட்சித்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் இரண்டு அபூர்வமான வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவின் போதையில்லாத சத்து உதவுகின்றது என்று அப்படிப் பரீட்சித்துத்தான் அமெரிக்கா 2018-ல் ஒப்புக்கொண்டது. ஆகவே,

முதலாவது, தண்டுவட நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்து, சர்க்கார் செலவில், அளவிட்ட மருந்தைக் கொண்டு விறைப்புக்கும் வலிக்கும் தனித்தனியாகப் பரீட்சை நடத்த வேண்டும்; சாதகமானாலும் பாதகமானாலும் முடிவை வெளியிட வேண்டும்.

இரண்டாவது, பரீட்சையில் தேறினால், மார்பினுக்குச் செய்தது போல் ஒரே லைசென்சில் ஆஸ்பத்திரிகளுக்குக் கிடைக்கும்படி விதி செய்ய வேண்டும். தேறாவிட்டால் விஜயா எண்ணெய் விற்கும் கம்பெனிகளின் வாயை அடைக்க வேண்டும்.

மூன்றாவது, அதுவரையில், இப்போது இருக்கின்ற பேக்ளோபென் முதலிய மருந்தும், காலை நீட்டி மடக்கும் பயிற்சியும், நல்ல மெத்தையும், சக்கர நாற்காலியும் கிராமத்து ஏழைக்கும் தட்டாமல் கிடைக்க வேண்டும். புது மருந்தைப் பற்றிப் பேசிக் கொண்டே பழைய மருந்தையும் கொடுக்காமல் இருப்பது பெரிய அயோக்கியத்தனமாகும்.

தோழர்களே! இப்படிக் கிடப்பவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் வீட்டுக்குப் போய் வினையைப் பற்றிப் பேசாதீர்கள். திருநீறும் தாயத்தும் கொண்டு போகாதீர்கள். கஞ்சாப் பொட்டலமும் கொண்டு போகாதீர்கள். "எங்கே வலிக்கின்றது? இராத்திரி தூக்கம் உண்டா? புண் இருக்கின்றதா? கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டு, ஒரு வண்டி பிடித்து அவரை அழைத்துக் கொண்டு போங்கள். மற்றதைச் சர்க்காரிடம் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு நம் எல்லோருடையதும் ஆகும்.